நாட்டுக்கு புது டொமைன் வந்தா யாருக்கு லாபம், யார் தலையில செலவு

2022 மார்ச் 24ஆம் தேதி ஆஸ்திரேலியாவுல டாட் ஏயு (.au) டொமைன, அதாவது வெப்சைட்டுக்கும் மெயிலுக்கும் முகவரியா இருக்குற பேர, நேரடியா பதிவு பண்ணிக்கலாம்னு திறந்து விட்டாங்க. அதுவரைக்கும் அங்க வியாபாரம் பண்றவங்கன்னா காம்.ஏயு இல்லன்னா நெட்.ஏயு, தொண்டு அமைப்புன்னா ஆர்க்.ஏயு, தனி ஆளுன்னா ஐடி.ஏயு, இப்படி நடுவுல ஒரு துண்டு கட்டாயம் இருக்கும். இனிமே அந்த நடுத்துண்டே வேணாம், பேரு, அதுக்குப் பின்னாடி டாட் ஏயு, அவ்ளோதான். கேக்க நல்லாத்தான் இருக்கு, சின்னதா இருக்கு, ஞாபகம் வச்சுக்க ஈசி, விசிட்டிங் கார்டுல அழகா உக்காரும். ஆனா பத்து பதினஞ்சு வருஷமா காம்.ஏயு வச்சு கடை நடத்திட்டு இருக்குற ஒருத்தர் பக்கம் நின்னு பாருங்க. அவரு யார்கிட்டயும் எதுவும் கேக்கல, அவர் வெப்சைட்டுல ஒரு குறையும் இல்ல, ஆனா ஒரு நாள் காலையில அவர் பேர்லயே இன்னொரு முகவரி விலைக்கு வந்து நிக்குது, அத அவர் வாங்கலன்னா வேற எவனாவது வாங்கிக்குவான்.

என் கட்சி இதுதான். ஒரு நாட்டுல ஏற்கனவே லட்சக்கணக்குல டொமைன் ஓடிட்டு இருக்கும்போது அதே பேருங்களுக்கு இன்னொரு வால ஒட்டி விக்கிறதுனால புதுசா எதுவும் முளைக்கிறதில்ல, ஏற்கனவே உள்ள இருக்குறவங்ககிட்ட ரெண்டாவது பில்ல நீட்டுறாங்க, அவ்ளோதான். சென்னைக்காரங்களுக்கு இது சட்டுனு புரியும், கார்ப்பரேஷன் கதவு எண்ண மாத்தி எத்தன வருஷம் ஆச்சு, இன்னும் கல்யாணப் பத்திரிகையில பழைய எண் இத்தன புதிய எண் இத்தனன்னு ரெண்டையும் போட்டுட்டுதான இருக்கோம். அதுலயாவது ஒரு ஆறுதல், உங்க வீட்டோட புது எண்ண அடுத்த தெருக்காரர் காசு குடுத்து வாங்கிட்டுப் போக முடியாது. டொமைன்ல முடியும், அதுதான் பிரச்சனையே.

இந்த நடுத்துண்டு எப்படி வந்துச்சுன்னு கொஞ்சம் பின்னாடி போய் பாத்துரலாம். 1986ல டாட் ஏயு-வ ஆஸ்திரேலியாவுக்கு ஒதுக்குனப்போ மெல்போர்ன் யுனிவர்சிட்டில இருந்த ராபர்ட் எல்ஸ்-ங்கிறவர்தான் ரொம்ப காலம் அத பாத்துக்கிட்டாரு, இதுக்குன்னு சம்பளம் கூட கிடையாது. அமெரிக்காவுல இருந்த காம், எடு, கவ், ஆர்க் பிரிவுகள அப்படியே ஏயு-க்கு கீழ கொண்டு வந்தாங்க. 1996ல காம்.ஏயு மட்டும் மெல்போர்ன் ஐடி-ங்கிற கம்பெனி கைக்குப் போச்சு, அப்புறம் 2001 வாக்குல ஏயுடிஏ-ங்கிற லாப நோக்கமில்லாத அமைப்பு மொத்த டாட் ஏயு-வையும் எடுத்துக்கிச்சு. இதுக்கு நடுவுல காம்.ஏயு-க்கு ஒரு மரியாத வந்துருச்சு, ஏன்னா அத சும்மா யாரும் வாங்கிர முடியாது, அந்த நாட்டுல கம்பெனியோ வியாபாரமோ பதிவு பண்ணி ஏபிஎன் நம்பர் (அந்த நாட்டு வியாபாரப் பதிவு எண்) மாதிரி ஏதாவது கையில வச்சிருக்கணும், கேக்குற பேருக்கும் உங்க கம்பெனி பேருக்கோ டிரேட்மார்க்குக்கோ நீங்க விக்கிற பொருளுக்கோ ஒரு தொடர்பு இருக்கணும். அதனால காம்.ஏயு-ன்னு பாத்தாலே இது இங்க நெசமா நடக்குற ஏதோ ஒரு கடைன்னு ஜனங்களுக்கு ஒரு நம்பிக்க.

புது டாட் ஏயு-ல இந்த தொடர்பு விதிய எடுத்துட்டாங்க. ஆஸ்திரேலிய குடிமகனாவோ நிரந்தரமா குடியிருக்குறவராவோ இருந்தா போதும், இல்ல அங்க பதிவான ஒரு அமைப்பா இருந்தா போதும், காலியா இருக்குற எந்த பேரையும் எடுத்துக்கலாம், அந்தப் பேருக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்னு யாரும் கேக்க மாட்டாங்க. ஆக வால் சின்னதாச்சு, கூடவே வாசல்ல நின்னு பேரையும் ஆளையும் ஒத்துப் பாத்து உள்ள விட்ட காவலாளியும் போயிட்டாரு. இத பத்தி அப்போ பெருசா யாரும் பேசல, எல்லாரும் சின்ன பேரு அழகுன்னுதான் பேசுனாங்க, என்னக் கேட்டா முதல் குறை இங்கதான் ஆரம்பிக்குது.

சரி, ஏற்கனவே பேரு வச்சிருந்தவங்கள அப்படியே தெருவுல விட்டாங்களான்னா, இல்ல, அதுக்கு ஒரு ஏற்பாடு இருந்துச்சு. 2022 மார்ச் 24ல இருந்து செப்டம்பர் 20 வரைக்கும் ஆறு மாசம் அவங்களுக்கு முன்னுரிம. உங்ககிட்ட ஒரு பேரு காம்.ஏயு-ல இருந்தா அதே பேர டாட் ஏயு-ல நீங்க கேக்கலாம், அதுவரைக்கும் வேற யாருக்கும் குடுக்க மாட்டாங்க. ஒரே பேர ஒருத்தர் காம்.ஏயு-லயும் இன்னொருத்தர் நெட்.ஏயு-லயும் வச்சிருந்தா என்ன பண்றது, அதுக்கும் ஒரு கணக்கு போட்டாங்க. 2018 பிப்ரவரி 4 வரைக்கும் பதிவானதெல்லாம் முதல் வகை, அதுக்கு அப்புறம் பதிவானதெல்லாம் ரெண்டாம் வகை, முதல் வகைக்காரரும் ரெண்டாம் வகைக்காரரும் மோதுனா முதல் வகைக்கு, ரெண்டு பேருமே ரெண்டாம் வகைன்னா யாரு முதல்ல பதிவு பண்ணாரோ அவருக்கு.

ரெண்டு பேருமே முதல் வகையா இருந்தா? அங்கதான் கத சிக்குது. ரெண்டு பேரும் பேசி ஒருத்தர் விட்டுக் குடுக்கணும், அதுவரைக்கும் அந்தப் பேரு யாருக்கும் கிடையாது, பூட்டிதான் இருக்கும், காலக்கெடுவும் இல்ல. ஆனா வரிசையில நிக்கணும்னா அப்ளிகேஷன வருஷா வருஷம் காசு கட்டி புதுப்பிக்கணும், மறந்து விட்டா ஆட்டத்துல இருந்து அவுட். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, ஒரு பக்கம் இருவது வருஷமா காம்.ஏயு-ல வியாபாரம் பண்ற கம்பெனி, இன்னொரு பக்கம் நெட்.ஏயு-ல ஒரு பேர சும்மா வாங்கி ஒண்ணுமே பண்ணாம போட்டு வச்சிருக்குற ஒருத்தரு, இந்த விதிப்படி ரெண்டு பேரும் சமம். சும்மா வச்சிருந்தவருக்கு அவசரம் எதுவும் இல்ல, வருஷத்துக்கு கொஞ்ச காசு கட்டிட்டு உக்காந்திருந்தா போதும், எதிராளி ஒரு நாள் பணப்பைய தொறந்துட்டு வருவாரு. யாரையும் குத்தம் சொல்லவும் முடியாது, விதியே அப்படி பேரத்துக்குத்தான் இழுத்துட்டுப் போகுது.

இதுல ஒரு வேடிக்க என்னன்னா, கெடு முடியறதுக்கு கொஞ்சம் முன்னாடி அந்த நாட்டு அரசாங்கத்தோட சைபர் பாதுகாப்பு மையமே ஒரு எச்சரிக்க விட்டுச்சு, உங்க பேர நீங்க டாட் ஏயு-ல எடுக்கலன்னா மோசடிக்காரங்க எடுத்து உங்கள மாதிரியே வேஷம் போட வாய்ப்பு இருக்கு, சீக்கிரம் எடுத்துருங்கன்னு. அந்த ஆபத்து மார்ச்சுக்கு முன்னாடி கிடையாதே, கதவ திறந்ததுனாலதான வந்துச்சு. சின்ன வியாபாரிகளோட குறைய கேக்குற அரசு அதிகாரி (ஒம்புட்ஸ்மேன்) புரூஸ் பில்சனும் நெறைய பேருக்கு இப்படி ஒண்ணு நடக்குறதே தெரியல, கெடுவ தள்ளி வைங்கன்னு கேட்டாரு. தள்ளி வைக்கல, அக்டோபர் ஆரம்பத்துல யாரும் எடுக்காத பேருங்கள எல்லாருக்கும் திறந்து விட்டுட்டாங்க. பெரிய கம்பெனிக்கு இதெல்லாம் பாக்க தனியா வக்கீல் இருப்பாரு, ஐடி டீம் இருக்கும், அவங்க முதல் வாரமே முடிச்சிருப்பாங்க. கெடு போனது தெரியாம இருந்தவங்க பைப் ரிப்பேர் பாக்குறவரும் பேக்கரி நடத்துறவரும்தான், அவங்களுக்கு டொமைனுங்கிறது எப்பவோ யாரோ செஞ்சு குடுத்தது, வர்ற மெயிலும் பழைய டெவலப்பரோட ஐடிக்குத்தான் போகும், அந்த டெவலப்பர் இப்ப எங்க இருக்காரோ.

இப்ப ஒரு விஷயத்த கொஞ்சம் கிட்ட போய் பாப்போம், ஏன்னா எல்லாரும் வெப்சைட்டப் பத்தியே பேசுறாங்க, நெசமான ஆபத்து இருக்குறது மெயில்ல. ஒரு சின்ன கணக்காளர் ஆபீஸ்னு வச்சுக்கோங்க, அவங்க மெயில் ஐடி முடியறது காம்.ஏயு-ல. ஒரு கிளையன்ட் அவசரத்துல காம்-ங்கிறத விட்டுட்டு பேரு, டாட் ஏயு-ன்னு அடிச்சு தன்னோட வரி நம்பர், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் சேத்து அனுப்பிட்டாரு. 2022க்கு முன்னாடி என்ன ஆகியிருக்கும்? அப்படி ஒரு டொமைனே உலகத்துல கிடையாது, டிஎன்எஸ்-ல, அதாவது எந்தப் பேரு எந்த சர்வர்ல இருக்குன்னு சொல்ற இணைய டைரக்டரில, தேடிப் பாத்துட்டு மெயில் சர்வர் அந்த மெயில திருப்பி அனுப்பிரும், முகவரி தப்புன்னு ஒரு வரி வரும், அவரும் அட ச்சேன்னு சரி பண்ணி மறுபடி அனுப்புவாரு. தப்பு பண்ணாலும் சேதம் இல்ல. இப்ப அந்த டாட் ஏயு பேர வேற ஒருத்தர் வாங்கி, எம்எக்ஸ் ரெக்கார்டு (அந்தப் பேருக்கு வர்ற மெயில் எந்த சர்வருக்குப் போகணும்னு சொல்ற குறிப்பு) போட்டு, கேட்ச் ஆல்-னு ஒரு செட்டிங் இருக்கே, எந்த பேருக்கு வந்தாலும் மொத்தமா ஒரே பெட்டியில விழுற மாதிரி, அத ஆன் பண்ணி வச்சிருந்தாருன்னா மெயில் அழகா போய்ச் சேரும். அனுப்புனவருக்கு எந்த எரரும் வராது. பதில் வரலன்னு ரெண்டு நாள் கழிச்சு ஃபோன் பண்ணும்போதுதான் விஷயமே தெரியும், சில சமயம் அப்பவும் தெரியாது, ஸ்பாம்ல போயிருக்கும் போலன்னு விட்டுருவாங்க.

இது சும்மா பயமுறுத்துறதுக்கு சொல்லல. 2018லயே ஆஸ்திரேலியாவுல ஒரு செக்யூரிட்டி ஆய்வாளர், வேற கம்பெனிகளோட இணைஞ்சு போன சட்ட நிறுவனங்க கைவிட்ட பழைய டொமைன்கள வாங்கி, வர்ற மெயில்கள பிடிச்சுப் பாத்து, எவ்ளோ ரகசியமான சங்கதியெல்லாம் வந்து விழுதுன்னு காட்டுனாரு. அது கைவிட்ட டொமைன். உபயோகத்துல இருக்குற ஒரு கம்பெனி பேருல ஒரே ஒரு துண்டு கொறஞ்ச டொமைன்னா எவ்ளோ வந்து விழும்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க. இன்னொண்ணு, அந்த புது பேருக்கு எஸ்எஸ்எல் சர்டிபிகேட் இலவசமாவே கெடைக்கும், அஞ்சு நிமிஷ வேல, பிரவுசரும் பாதுகாப்பான தளம்னு காட்டும், ஏன்னா அது சொல்றது இந்த இணைப்ப நடுவுல யாரும் படிக்க முடியாதுன்னு மட்டும்தான், உள்ள உக்காந்திருக்குறவர் நல்லவரான்னு அது சொல்றதே இல்ல.

சரி, வருஷத்துக்கு பத்து இருவது டாலர்தான, வாங்கிப் போட்டுற வேண்டியதுதானேன்னு கேப்பாங்க. டொமைன் காசு ஒரு காசே இல்ல, ஒத்துக்கிறேன். வாங்குனதுக்கு அப்புறம்தான் வேலையே. பழசுல இருந்து புதுசுக்கு மாறப் போறீங்களா இல்ல புதுச பூட்டி வைக்கப் போறீங்களான்னு முதல்ல முடிவு பண்ணணும். மாறுனா வெப்சைட் ரீடைரக்ட், கூகுளுக்கு இது ரெண்டும் ஒரே தளம்தான்னு புரிய வைக்கணும், ஊழியர் எல்லாருக்கும் மெயில் ஐடி மாத்தணும், அந்த ஐடி குடுத்து லாகின் பண்ற பேங்க், வரி போர்ட்டல், சப்ளையர் சைட் எல்லாத்துலயும் மாத்தணும், பில் புக்கு, வேன்ல எழுதுனது, கடை போர்டு. மாறல, சும்மாதான் வச்சிருக்கப் போறோம்னா வருஷா வருஷம் ரின்யூவல், எதுக்கும் பிரயோஜனம் இல்லாத ஒரு பேருக்கு. ரெண்டும் நஷ்டம்தான், எது கம்மி நஷ்டம்னு பாத்துக்கணும், அவ்ளோதான் சாய்ஸ்.

இங்கிலாந்து கத இத விட நீளம். அங்க டாட் யூகே-வ பாத்துக்கிறது நாமினெட், 1996ல ஆரம்பிச்சது, ஆக்ஸ்போர்டுல இருக்கு. அங்கயும் கோ.யூகே, ஆர்க்.யூகே, மீ.யூகே-ன்னு நடுத்துண்டு. 2012 அக்டோபர்ல நேரடி டாட் யூகே கொண்டு வரலாம்னு ஒரு திட்டம் வெளியிட்டாங்க, அப்போ சொன்ன காரணம் பாதுகாப்பு. பதிவு பண்றவருக்கு இங்கிலாந்து முகவரி இருக்கான்னு சரி பாப்போம், தளத்துல வைரஸ் கிரஸ் இருக்கான்னு தினமும் ஸ்கேன் பண்ணுவோம், டிஎன்எஸ் சொல்ற பதில் போலி இல்லன்னு டிஜிட்டல் கையெழுத்து போடுற வசதி இருக்கும், அதுக்கெல்லாம் சேத்து மொத்த வியாபார விலையே வருஷத்துக்கு 20 பவுண்டுன்னாங்க. எதிர்ப்பு பலமா இருந்துச்சு, 2013 பிப்ரவரில அந்த வடிவத்த கைவிட்டாங்க. சில மாசத்துலயே வேற சட்டைய மாட்டிக்கிட்டு திரும்பி வந்துச்சு, இந்த தடவ விலை கோ.யூகே அளவுதான், ஒரு வருஷத்துக்கு மூணரை பவுண்டு, ஆனா அந்த ஸ்கேன் கீன் எல்லாம் போச்சு. காரணமா சொன்னது முதல்ல பாதுகாப்பு, அது வேகலன்னதும் சின்ன பேரு, நவீனமா இருக்கும்னு. காரணம் மாறுது, விக்கணுங்கிற முடிவு மட்டும் மாறல, இதுலயே எனக்கு பாதி புரிஞ்சு போச்சு.

2014 ஜூன் 10ல திறந்தாங்க. அப்போ ஏற்கனவே 1 கோடிக்கு மேல பேருங்க பதிவுல இருந்துச்சு, அவங்களுக்கு அஞ்சு வருஷம், 2019 ஜூன் 25 வரைக்கும், பேர ஒதுக்கி வச்சாங்க. ஆஸ்திரேலியா குடுத்த ஆறு மாசத்தோட ஒப்பிட்டா இது பரவால்ல, நிதானமா யோசிக்க நேரம் இருந்துச்சு. ஆனா இங்க ஓரவஞ்சனை வேற மாதிரி: ஒரே பேரு கோ.யூகே-லயும் ஆர்க்.யூகே-லயும் வேற வேற ஆளுகிட்ட இருந்தா உரிமை கோ.யூகே-காரருக்கு. தொண்டு அமைப்பு எவ்ளோ பழசா இருந்தாலும் சரி, வியாபாரி எடுக்கலன்னு விட்டாத்தான் அவங்களுக்கு வாய்ப்பு. கணக்கையும் பாத்துருங்க, அந்த 1 கோடில பத்துல ஒரு பங்கு ஆளுங்க பயந்துக்கிட்டு வாங்கியிருந்தாக்கூட வருஷத்துக்கு 35 லட்சம் பவுண்டு, புதுசா ஒரு வெப்சைட் கூட திறக்காமலே. இத்தன வருஷம் கழிச்சு இன்னைக்கும் அங்க கடைக்காரங்க போர்டுல கோ.யூகே-தான் போடுறாங்க, பதிவு எண்ணிக்கையிலயும் கோ.யூகே-தான் பல மடங்கு அதிகம். நடுவுல 2017ல சில ரெஜிஸ்ட்ரார் கம்பெனிங்க (ஜனங்களுக்கு டொமைன் வித்துக் குடுக்குறவங்க) வாடிக்கையாளர் கேக்காமலே அவங்க பேர்ல டாட் யூகே-வ பதிவு பண்ணி கணக்குல சேத்து விட்டதும் நடந்துச்சு, முதல்ல இலவசம், அப்புறம் ரின்யூவல் பில் வரும்ல. ஆசப்பட்டு வாங்குற சரக்கா இருந்தா இப்படி திணிக்க வேண்டிய அவசியம் என்ன இருக்கு.

நியூசிலாந்தும் அதே 2014ல, செப்டம்பர் 30ல டாட் என்இசட்-ட திறந்துச்சு. அவங்க ரொம்ப ஜனநாயகமா போனாங்க, ஒரே பேரு கோ.என்இசட், ஆர்க்.என்இசட்-னு பல பேருகிட்ட இருந்தா எல்லாரும் ஒத்துக்கிட்டாத்தான் ஒருத்தருக்குக் கெடைக்கும். எல்லாரும் ஒத்துக்கிறதாவது, வருஷக்கணக்கா இழுத்துச்சு, கடைசில 2017ல ஒரு கெடு வச்சு உங்க விருப்பத்த சொல்லுங்கன்னு முடிச்சு வைக்க வேண்டியதா போச்சு. பழசுக்கு முன்னுரிமன்னாலும், வியாபாரிக்கு முன்னுரிமன்னாலும், எல்லாரும் ஒத்துக்கணும்னாலும், யாராவது ஒருத்தர் வயித்தெரிச்சலோடதான் போறாங்க.

ஐரோப்பா டாட் இயூ ஒரு நாட்டோடது இல்ல, ஆனா அதுல நடந்த ரெண்டு விஷயம் இதுக்கு ரொம்ப ஒத்து வரும். 2006 ஏப்ரல்ல எல்லாருக்கும் திறந்தப்போ முந்துனவருக்கே பேருன்னு விதி, ரெஜிஸ்ட்ரார் ஒவ்வொருத்தருக்கும் வரிசையில சம வாய்ப்பு, உடனே புத்திசாலிங்க என்ன பண்ணாங்கன்னா பேருக்கு நூத்துக்கணக்குல ரெஜிஸ்ட்ரார் கம்பெனிய ஆரம்பிச்சு வரிசைய அடைச்சுட்டாங்க. ஜூலைல அந்த ரெஜிஸ்ட்ரி (டாட் இயூ பதிவேட்ட பாத்துக்கிற அமைப்பு) 74 ஆயிரம் பேருங்கள முடக்கி, 400 ரெஜிஸ்ட்ரார் மேல கேசு போட வேண்டியதா போச்சு. இன்னொண்ணு பிரெக்ஸிட். இங்கிலாந்து வெளிய போனதும் அங்க இருக்குறவங்களுக்கு டாட் இயூ தகுதி போயிருச்சு, 2021 ஜனவரில சுமார் 80 ஆயிரம் பேரு முடங்குச்சு. ஐரோப்பாவ விட்டு வெளிய போகணும்னு பிரச்சாரம் பண்ண லீவ்.இயூ அமைப்போட தளமே அந்த லிஸ்ட்ல மாட்டப் பாத்துச்சு, ஐயர்லாந்து முகவரிக்கு மாத்தி சமாளிச்சுப் பாத்தாங்க. சிரிப்பு வந்தாலும் சின்ன வியாபாரிக்கு அது சிரிப்பு இல்ல. அரசியல் எல்லைய பேர்ல ஒட்டிக்கிட்டா, எல்லை நகரும்போது பேரும் போகும்.

நம்ம ஊரு டாட் இன் இதுல ஒரு நல்ல உதாரணம்னு நான் சொல்லுவேன், நாம எப்பவாவது நல்ல உதாரணமா இருந்தா சொல்லிக்கிறதுல தப்பில்ல. 2005 வரைக்கும் இங்கயும் கோ.இன் மாதிரி நடுத்துண்டுதான், பதிவு பண்றதும் ரொம்ப கெடுபிடி, 1992ல இருந்து 2004 வரைக்கும் மொத்தமா பதிவானதே 7 ஆயிரம் சொச்சம் பேரு. 2005 ஆரம்பத்துல நிக்ஸி-ங்கிற அமைப்பு கைக்கு வந்து விதிய தளர்த்தி நேரடி டாட் இன்-ன திறந்தாங்க, முதல்ல டிரேட்மார்க் வச்சிருந்தவங்களுக்கு, பிப்ரவரில எல்லாருக்கும். அன்னைக்கு அத செஞ்சதுனால பாதிக்கப்படுறதுக்கு ஆளே இல்ல, 7 ஆயிரம் பேருக்கு முன்னுரிம குடுக்குறது ஒரு வேலையா. இங்கிலாந்து அதே வேலைய 1 கோடி பேரு உள்ள இருக்கும்போது செஞ்சுச்சு. வீடு கட்டுறதுக்கு முன்னாடி தெருவ அகலமாக்கிரணும், எல்லாரும் குடி வந்ததுக்கு அப்புறம் தொட்டா யார் வீட்டு திண்ணையையாவது இடிச்சுத்தான் ஆகணும்.

அப்போ புது டொமைனே கூடாதா? அப்படியும் இல்ல. ரிசர்வ் பேங்க் 2025 பிப்ரவரில பேங்க்.இன்-னு ஒண்ண அறிவிச்சு, அக்டோபர் 31க்குள்ள எல்லா பேங்கும் மாறணும்னு உத்தரவு போட்டுச்சே, அதையும் இதையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. ரிசர்வ் பேங்க் ஆரம்பிச்ச ஐடிஆர்பிடி-ங்கிற தொழில்நுட்ப நிறுவனம் மூலமா மட்டும்தான் பதிவு, பேங்கா இருந்தாத்தான் கெடைக்கும், எஸ்பிஐ.பேங்க்.இன்-னு பாத்தா அது பேங்க்தான்னு ஒரு அர்த்தம் இருக்கு. சின்னதாக்குறதுக்கு பதிலா நடுவுல ஒரு துண்ட சேத்திருக்காங்க, காவலாளிய எடுக்காம புதுசா ஒருத்தர நிறுத்தியிருக்காங்க. இதுலயும் குறை உண்டு, முகவரிய எழுத்து மாறாம பாத்து உள்ள போங்கன்னு வருஷக்கணக்கா சொல்லி வச்ச ஜனங்ககிட்ட திடீர்னு முகவரியே வேறன்னா, இந்த மாறுற சமயத்துலதான் மோசடி மெசேஜ் அனுப்புறவனுக்கு வேட்டை, எங்க பேங்க் புது முகவரிக்கு மாறிருச்சு இத அழுத்துங்கன்னு அனுப்புனா நம்புறதுக்கு காரணம் நாமளே குடுத்தாச்சு. சின்ன கூட்டுறவு பேங்குக்கெல்லாம் மாத்துற செலவும் தனி. ஆனா இங்க அந்த செலவுக்கு ஈடா வாடிக்கையாளருக்கு ஏதோ ஒண்ணு கெடைக்குது, டாட் ஏயு-ல அது என்னன்னு நானும் தேடிட்டுதான் இருக்கேன்.

தமிழ்லயே டொமைன் இருக்கேன்னு சிலர் ஞாபகப்படுத்துவாங்க. ஆமா, இலங்கைக்கு டாட் இலங்கை 2010லயே வந்துச்சு, டாட் இந்தியா, டாட் சிங்கப்பூர் ரெண்டும் 2011ல. தமிழ் வால்ல மூணு நாடு, பெருமையான விஷயம்தான், அடிச்சா வேல செய்யவும் செய்யுது. ஆனா நடைமுறைல இருக்குற சிக்கல் என்னன்னா உள்ளுக்குள்ள டிஎன்எஸ் அத எக்ஸ்என்-னு ஆரம்பிக்கிற ஒரு நீளமான ரோமன் எழுத்து சரமாத்தான் வச்சிருக்கு, சில ஆப்ல, சில மெயில்ல அந்த சரமே வெளிய எட்டிப் பாக்கும், பாக்குறவங்க இது ஏதோ வைரஸ் லிங்க்னு டெலீட் பண்ணிருவாங்க. அந்த முகவரில மெயில் ஐடி வச்சு ஒரு ஃபார்ம்ல அடிச்சா செல்லாதுன்னு சொல்ற தளங்க இன்னும் ஏராளம். எழுத்துலயும் கண்ணி இருக்கு, ஸ்ரீ-ய எடுத்துக்கோங்க, ஸ போட்டும் அடிக்கலாம், 2005ல யூனிகோடுல (கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் குடுக்குற பட்டியல்) சேத்த ஶ போட்டும் அடிக்கலாம், ஸ்கிரீன்ல ரெண்டும் ஒரே உருவம், கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேற வேற பேரு. ஔ-வும் அப்படித்தான், ஒ போட்டு பக்கத்துல ள போட்டா கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. இந்த ஜோடிங்கள ரெஜிஸ்ட்ரி சேத்து பூட்டணும், இல்லன்னா ஒரு ஸ்ரீ உங்களுக்கு இன்னொரு ஸ்ரீ எவனுக்கோ. தமிழ் பேரு வாங்குன கடைக்காரரும் டாட் இன்-னையோ டாட் காம்-மையோ விட முடியறதில்ல, ஏன்னா தமிழ் கீபோர்டு இல்லாத சப்ளையருக்கு மெயில் ஐடி சொல்லணுமே.

ஆக, உங்க தொழில் இருக்குற நாட்டுல நாளைக்கு இப்படி ஒரு புது வால் வந்தா, அல்லது ஏற்கனவே வந்து நீங்க வாங்கிட்டீங்கன்னா, சும்மா வாங்கிப் போட்டுட்டு மறந்துராதீங்க. இந்தப் பேர்ல இருந்து மெயிலே போகாதுன்னு எஸ்பிஎஃப் ரெக்கார்டு, மெயில வாங்கவும் மாட்டோம்னு காலி எம்எக்ஸ், மீறி யாராவது அனுப்புனா தள்ளி விடுன்னு டிமார்க் ரிஜெக்ட், மூணும் போட்டாத்தான் அத பூட்டுனதா அர்த்தம், இல்லன்னா அந்த சும்மா கெடக்குற பேர போட்டு உங்க கிளையன்ட்டுக்கு போலி இன்வாய்ஸ் அனுப்புறது ரொம்ப சுலபம். வெப்சைட்ட பழைய முகவரிக்கு ரீடைரக்ட் பண்ணி விட்டுருங்க. ரின்யூவல் நோட்டீஸ் போற மெயில் ஐடி இப்ப வேலைல இருக்குற ஒருத்தரோடதான்னு பாத்துக்கோங்க, கார்டு எக்ஸ்பைரி ஆச்சான்னும். ஒரு தடவ வாங்கி நாலு பேருக்கு அந்த பேரு பழகிருச்சுன்னா அப்புறம் இது வேஸ்ட்டுன்னு விட முடியாது, வாங்காமலே இருந்தத விட வாங்கிட்டு விட்டது ஆபத்து, ஏன்னா அடுத்து வாங்குறவனுக்கு உங்க ஆளுங்களோட மெயிலும் சேந்தே போகும்.